70% பேர் ஆதரிக்கிறார்கள் என்றால், யாரிடம் என்ன கேட்டார்கள்?

சில மாதங்களுக்கு ஒருமுறை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும். உலகத் தலைவர்கள் வரிசையாக நிற்பார்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு சதவீதம், மேலே மோடி, கீழே ஐரோப்பாவின் ஏதோ ஒரு பிரதமர். படம் வந்த இரண்டாவது நிமிடத்தில் சித்தப்பா கைதட்டல் போடுவார், மாமா பையன் "காசு கொடுத்து எடுத்த சர்வே" என்பான், அதோடு அன்றைய சண்டை தொடங்கிவிடும். இரண்டு தரப்பும் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். கேள்வி என்ன, யாரிடம் கேட்டார்கள், போன மாதம் அதே கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுவிட்டு வாய்மூடி இருக்க வேண்டிய மக்களிடம், "இப்போ எப்படிப் போகுது?" என்று நடுவில் கேட்கிற ஒரே ஏற்பாடு இதுதான். அதை நாம் கிரிக்கெட் ரேங்கிங் மாதிரி ஆக்கிவிட்டோம்.

நான் சொல்ல வருவது இதுதான்: தலைவருக்கான ஆதரவு விகிதம் என்பது தனி எண்ணாக வந்தால் அதற்கு மதிப்பே கிடையாது. ஒரே கேள்வியை, ஒரே முறையில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும்தான் அது ஏதாவது சொல்லும். இதை அமெரிக்காவை வைத்துத்தான் விளக்க முடியும், ஏனென்றால் அங்கேதான் அந்தத் தொடர்ச்சி பல பத்தாண்டுகளுக்குக் கிடைக்கிறது.

ஜார்ஜ் கேலப் 1935-ல் தன் கருத்துக்கணிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது, 1930-களின் பிற்பகுதியிலேயே, அதிபரின் செயல்பாடு பற்றிய கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த ட்ரூமன் காலத்திலிருந்து அது ஏறக்குறைய ஒரே வாசகம்தான். அதிபர் இன்னார் தன் பொறுப்பைக் கையாளும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. அவரைப் பிடிக்குமா, அவர் நல்லவரா, அடுத்த முறை ஓட்டுப் போடுவீர்களா என்பதெல்லாம் அதில் இல்லை. வேலையை எப்படிச் செய்கிறார் என்பது மட்டும்தான்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றும். அதிபர் கிளின்டன் ஒரு பெண்ணுடனான தொடர்பை மறைத்துப் பொய் சொன்ன விவகாரத்தை எடுத்துக்கொண்டால் புரியும். 1998 டிசம்பர் 19-ம் தேதி பிரதிநிதிகள் சபை அவர் மீது பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே வாரயிறுதியில் கேலப் எடுத்த கணிப்பில் அவர் செயல்பாட்டை ஏற்பவர்கள் 73%. அவர் எட்டு வருட ஆட்சியிலேயே அதுதான் உச்சம்! அவர் நேர்மையானவரா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் சிறுபான்மைதான். மக்கள் குழம்பவில்லை. ஆள் ஒழுங்கில்லை, ஆனால் பொருளாதாரம் நன்றாக ஓடுகிறது, வேலையைச் செய்கிறார் என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துப் பதில் சொன்னார்கள். கேள்வி தெளிவாக இருந்ததால்தான் அந்தப் பிரிவினை நமக்குத் தெரியவந்தது. "பிடித்த தலைவர் யார்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அத்தனையும் கலந்து கூழாகியிருக்கும்.

அப்புறம் இந்த எண் எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு 2001 செப்டம்பர் 7 முதல் 10 வரை எடுத்த கணிப்பில் 51%. மறுநாள் இரட்டைக் கோபுரம் விழுந்தது. செப்டம்பர் 21, 22-ல் எடுத்த கணிப்பில் 90%. கேலப் வரலாற்றில் எந்த அதிபருக்கும் அதற்கு மேல் வந்ததில்லை. இரண்டே வாரத்தில் நாட்டு மக்களில் பத்தில் நான்கு பேர் மனம் மாறியிருக்கிறார்கள், அதற்கு ஆட்சித் திறமை காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடி விழுந்த வீட்டில் எல்லோரும் வீட்டுத் தலைவன் பக்கம் சேர்ந்து நின்றார்கள். அதே மனிதருக்கு 2008 அக்டோபரில், வங்கிகள் சரிந்தபோது, 25%.

அவருடைய அப்பா கதை இன்னும் கடுமை. 1991-ல் வளைகுடாப் போர் முடிந்த கையோடு மூத்த புஷ்ஷுக்கு 89%. அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பதே வீண் என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். 1992 கோடையில் அது 29%-க்கு வந்து நின்றது. நவம்பரில் தோற்றார், பெற்ற ஓட்டு சுமார் 37%. 89% என்ற எண் பொய் இல்லை. கேட்ட அன்று மக்கள் உண்மையாகத்தான் சொன்னார்கள். போர் முடிந்த நிம்மதியில் சொன்ன பதில் அது. வேலை போன பிறகு வேறு பதில் சொன்னார்கள்.

கென்னடிக்கு உச்சம் எப்போது வந்தது தெரியுமா? 1961 ஏப்ரல் இறுதியில், 83%. கியூபாவின் பன்றி வளைகுடாவில் அவர் அனுப்பிய படை மண்ணைக் கவ்விய சில நாட்களில்! படுதோல்விக்குக் கிடைத்த மதிப்பெண் அது. ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் 1970-லேயே இதை ஆராய்ந்து எழுதினார்: வெளிநாட்டு நெருக்கடி என்றால், அது வெற்றியோ தோல்வியோ, மக்கள் கொடியின் கீழ் திரள்வார்கள், பிறகு மெல்லக் கலைவார்கள். எந்த நாட்டில் எல்லைச் சண்டை வந்தாலும், அடுத்த வாரம் வெளிவரும் ஆதரவு விகிதத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு விஷயம் சொல்கின்றன. ஒரு நாள் எண்ணைப் பார்த்து நீங்கள் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. ட்ரூமனுக்கு 1945-ல் 87%, 1952 பிப்ரவரியில் 22%. இடையில் 1948-ல், 40%-க்குப் பக்கத்தில் கிடந்தபோது, தேர்தலிலும் ஜெயித்தார். ஒரே மனிதர், ஒரே கேள்வி. அந்த வளைகோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் போர் முடிந்த மகிழ்ச்சி, விலைவாசி, வேலைநிறுத்தங்கள், கொரியப் போர் எல்லாம் எந்த இடத்தில் எவ்வளவு இடித்தன என்று தெரியும்.

ஆனால் கடந்த பதினைந்து இருபது வருடங்களாக அமெரிக்காவிலேயே அந்தக் கோடு செத்துக்கொண்டிருக்கிறது. 1950-களில் அதிபராக இருந்த ஐசனோவர் குடியரசுக் கட்சிக்காரர். அவருக்கு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் சராசரியாக ஆதரவு சொன்னார்கள். ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் சொந்தக் கட்சிக்காரர்களிடம் சராசரியாக 90%-க்கு நெருக்கம், எதிர்க்கட்சிக்காரர்களிடம் 10%-கூட இல்லை. அந்த நான்கு வருடங்களில் கொரோனா வந்தது, பொருளாதாரம் படுத்தது, இரண்டு முறை பதவிநீக்கத் தீர்மானம் வந்தது, அவருடைய எண் மட்டும் 34-க்கும் 49-க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருந்தது. பைடனுக்கும் கட்சிப் பிளவு அதே கதைதான். இது எனக்குக் கவலை தருகிறது. வேலையை எப்படிச் செய்கிறார் என்று கேட்டால், ஜனங்கள் "நான் எந்தக் கட்சி" என்று பதில் சொல்கிறார்கள். அளவுகோல் அதேதான், ஆனால் அது இப்போது வேறு எதையோ அளக்கிறது. தன் தலைவனின் தப்பைத் தப்பு என்று சொல்ல முடியாத நிலைக்கு ஒரு சமூகம் வந்துவிட்டால், அந்தத் தலைவனுக்கு எதற்கும் பயம் இருக்காது.

சரி, யாரிடம் கேட்கிறார்கள் என்பதற்கு வருவோம். "என்னிடம் யாருமே கேட்கவில்லையே, 1,000 பேரிடம் கேட்டுவிட்டு நாடே சொல்கிறது என்றால் எப்படி?" இது எல்லோரும் கேட்பது, நியாயமான கேள்விதான். பதில், 1,000 பேர் போதும் என்பதுதான். முறையாகத் தேர்ந்தெடுத்தால் பிழை வரம்பு, அதாவது கிடைத்த எண் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூடக் குறைய 3 சதவீதப் புள்ளிதான் வரும், நாட்டின் மக்கள்தொகை 30 கோடியா 140 கோடியா என்பது அதை ஏறக்குறையத் தொடவே தொடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதன் கணக்குதான் இது. ஆனால் பானையில் எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில் ஒரே தீயில் வேகிறது, மக்கள் அப்படி இல்லை. மேலாக மிதப்பதை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

அப்படி ஏமாந்த பெரிய கதை 1936-ல் நடந்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. 48 மாநிலங்களில் 46-ஐ அவர் அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன் வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அந்தப் பட்டியலில் ஏழை எங்கே இருந்தான்? அதோடு, ரூஸ்வெல்ட் மேல் கோபம் இருந்தவர்கள்தான் அதிகம் மெனக்கெட்டு அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். கேலப் அதில் சின்னப் பங்கு பேரைக் கேட்டு வெற்றியைச் சரியாகச் சொன்னார். அதே கேலப் 1948-ல் ட்ரூமன் தோற்பார் என்று சொல்லித் தவறினார், தேர்தலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பே கேட்பதை நிறுத்தியது அதற்கு ஒரு காரணம்.

இன்றைக்குப் பிரச்சினை வேறு. போனை யாரும் எடுப்பதில்லை. பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் கேட்டபோது 1997-ல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள், 2018-ல் 6 பேர். மீதி 94 பேர் சொல்லாததை, சொன்ன 6 பேரை வைத்து நிரப்ப வேண்டும். வயது, கல்வி, இனம், ஊர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டு, குறைவாக வந்தவர்களின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். 2016-ல் பல மாநிலக் கணிப்புகள் கல்விக்குச் சரிக்கட்டாமல் விட்டதால் ட்ரம்ப்பின் ஆதரவு குறைவாகத் தெரிந்தது. இது ஏமாற்று வேலை இல்லை, தேவையான வேலை. ஆனால் எப்படிச் சரிக்கட்டினோம் என்று வெளியே சொல்ல வேண்டும். சொல்லாத நிறுவனத்தின் எண்ணை நான் நம்பமாட்டேன்.

எண்களை விட்டுவிட்டு ஒரு வீட்டு வாசலுக்கு வாருங்கள். கல்லூரியில் படிக்கும்போது கைச்செலவுக்காக ஒரு சர்வே கம்பெனிக்காக நிலக்கோட்டைப் பக்கம் கிராமங்களில் கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அக்கா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, பஸ் ஏன் நின்றுபோனது, நூறு நாள் வேலைக் கூலி எப்போது கடைசியாக வந்தது என்று பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தார், நார் அறுபட அறுபடத் திரும்ப முடிந்துகொண்டே. கடைசியில் முக்கியக் கேள்விக்கு வந்தேன், இந்த ஆட்சி மேல் உங்களுக்குத் திருப்தியா என்று. அந்த நேரம் எதிர் வீட்டுத் திண்ணையில் கட்சிக் கரை வேட்டியோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். அக்கா தலையைத் தூக்காமல், "ஓரளவு திருப்தினு போட்டுக்க தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத எழுதிட்டுப் போயி யார்கிட்ட குடுப்பீங்க? ரேஷன் கார்டுல ஏதும் ஆயிராதுல்ல?"

ஃபார்மில் நான் அதைத்தான் குறித்தேன், அவர் சொன்ன பதில் அதுதானே. ஆனால் ஊர் ஊராக இப்படி எத்தனை அக்காக்கள் சொல்லியிருப்பார்கள்? இன்னொன்றும் அங்கேதான் பார்த்தேன். ஒரு நாளைக்கு இத்தனை ஃபார்ம் என்று டார்கெட். வெயிலில் உள்ளே தள்ளியிருக்கும் காலனிக்கு நடக்க முடியாமல் சிலர் டீக்கடையிலேயே பாதியை முடித்துவிடுவார்கள், டீக்கடையில் இருப்பது யார், ஆண்கள். சூப்பர்வைசருக்கு எண்ணிக்கை வந்தால் போதும். அறிக்கையில் மட்டும் "பெண்கள் 50%" என்று அழகாக இருக்கும்.

இதைத் தெரிந்தவர்கள் வழிமுறைகளும் கண்டுபிடித்திருக்கிறார்கள். டெல்லியின் லோக்நீதி அமைப்பு தன் தேசியத் தேர்தல் ஆய்வுகளில் வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்து, அந்த ஆளை வீட்டில் தேடிப் போய்க் கேட்கிறது. யாருக்கு ஓட்டு என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை, மாதிரி வாக்குச்சீட்டில் குத்தி மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். எதிர்த் திண்ணைக்காரர் இருந்தாலும் பரவாயில்லை.

அந்த "ஓரளவு" விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். இங்கே பெரும்பாலும் நான்கு பதில்கள் கொடுப்பார்கள்: முழுத் திருப்தி, ஓரளவு திருப்தி, ஓரளவு அதிருப்தி, முழு அதிருப்தி. செய்தித்தாளில் வரும்போது முதல் இரண்டையும் கூட்டி "65% மக்கள் திருப்தி" என்று தலைப்புப் போடுவார்கள். அந்த 65-ல் முழுத் திருப்தி 20, ஓரளவு 45 என்று வைத்துக்கொண்டால், அந்த 45 பேரில் நிலக்கோட்டை அக்காவும் இருக்கிறார். இன்னொருவர் 40-ம் 20-மாக 60% வாங்கியிருந்தால் அவர் பின்தங்கியதாகப் பட்டியல் சொல்லும், ஆனால் தேர்தல் என்று வந்தால் அவரைத்தான் அசைக்க முடியாது. ஆகவே நான்கு எண்ணையும் தனித்தனியாகக் கொடுக்காத செய்தியைப் பாதிச் செய்தி என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இப்போது அந்த வாட்ஸ்அப் படம். அது மார்னிங் கன்சல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கணிப்பு. பொய் இல்லை, போலியும் இல்லை. இணையம் வழியாகக் கேட்கிறார்கள், இந்தியாவில் தங்கள் மாதிரி எழுத்தறிவு பெற்ற மக்களைத்தான் பிரதிபலிக்கிறது என்று அவர்களே குறிப்புப் போடுகிறார்கள். அந்தக் குறிப்பு மட்டும் ஃபார்வர்டில் வராது. அவர்களுடைய எண்ணை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு ரேங்க் போடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் அதே நிறுவனம் இந்தியாவில் அதே முறையில் கேட்டதைக் காலத்தோடு ஒப்பிட்டால் பயன் உண்டு. 2021 மே மாதம், இரண்டாவது அலையில் ஆக்சிஜனுக்கு மக்கள் அல்லாடியபோது, மோடியின் எண் 63%-க்கு இறங்கியது, அதுவரை அவர்கள் கணிப்பில் அதுதான் மிகக் குறைவு. உலகத்திலேயே இரண்டாவது இடமா மூன்றாவது இடமா என்பதைவிட அந்தச் சரிவுதான் செய்தி.

ஆதரவும் ஓட்டும் ஒன்றில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒடிசாவை விட நல்ல உதாரணம் கிடையாது. இந்தியா டுடே வருடத்துக்கு இருமுறை நடத்தும் கணிப்பில், சொந்த மாநிலத்தில் செல்வாக்குள்ள முதல்வர்கள் வரிசையில் அப்போதைய ஒடிசா முதல்வர் நவீன் பட்நாயக் மீண்டும் மீண்டும் முதலிடம் பிடித்தார். 2024 தொடக்கத்திலும் அவர்தான் முதல், 50%-க்கு மேல். அதே ஜூனில் 24 வருட ஆட்சி போனது. 147 இடங்களில் பாஜக 78, அவருடைய பிஜு ஜனதா தளம் 51. நின்ற இரண்டு தொகுதிகளில் ஒன்றில் அவரே தோற்றார். உடனே "சர்வே எல்லாம் டுபாக்கூர்" என்றார்கள். ஆனால் ஓட்டைப் பாருங்கள், அவருடைய கட்சி வாங்கியது 40%-க்குச் சற்று மேல், பாஜக அதைவிட ஒரு மயிரிழை குறைவு! மனிதர் மேல் மதிப்பு இருந்தது. கட்சி மேல், அவருக்குப் பின் யார் என்ற கேள்வி மேல், தொகுதி எம்எல்ஏ மேல் சலிப்பும் இருந்தது. இரண்டாவதை யாரும் தொடர்ந்து கேட்கவில்லை, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதே 2024-ல் லோக்நீதி தேர்தலுக்கு முன் எடுத்த ஆய்வில், முக்கியப் பிரச்சினை எது என்ற கேள்விக்கு 27% பேர் வேலையின்மை என்றார்கள், 23% பேர் விலைவாசி என்றார்கள். தொலைக்காட்சிகள் பாஜக கூட்டணிக்கு நானூறு இடமா முந்நூற்றைம்பதா என்று விவாதித்துக்கொண்டிருந்த நாட்களில் பாதி நாடு சொன்ன பதில் அது. முடிவு வந்தபோது பாஜக 240-ல் நின்றது. எவ்வளவு இடம் என்ற கணிப்புகள் கவிழ்ந்தன, மக்கள் மனதில் என்ன இருந்தது என்ற பதில் கவிழவில்லை.

தமிழ்நாட்டுக்கு எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தேசிய அளவில் 1,000 பேரிடம் கேட்டால் நம் மாநிலத்தின் பங்கு ஐம்பத்துச் சொச்சம் பேர்தான், அதில் பிழை வரம்பு 13 புள்ளி, அதை வைத்து நம் முதல்வரைப் பற்றி ஒரு வரிகூட எழுதக்கூடாது. நம் பல்கலைக்கழகம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்த இரண்டாயிரம் பேரிடம், அதே பத்துக் கேள்விகளை, யார் ஆட்சியில் இருந்தாலும் மாற்றாமல் கேட்க வேண்டும். முதல்வர் வேலை எப்படி, உங்கள் எம்எல்ஏ வேலை எப்படி, தண்ணீர், பஸ், ரேஷன், பள்ளி. கேள்வித்தாள், நான்கு பதில்களின் எண்கள், எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பது எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டும். பெண்களிடம் பெண்கள் கேட்க வேண்டும், அதுவும் வீட்டுக்குள். இதற்கு ஆகும் செலவு ஒரு அமைச்சர் விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு எப்போதாவது யாராவது வந்து ஆட்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்களா? கேள்வி எந்த வார்த்தைகளில் இருந்தது, வீட்டில் யாரைப் பதில் சொல்லச் சொன்னார்கள், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கீழே எழுதுங்கள். குறிப்பாக அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டுவிட்டு எழுதுங்கள்.